காலியாக விட்ட நான்கு கோடுகள்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றைக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான். எது எங்கே நிற்க வேண்டும் என்று குழம்பிவிடும். பிழை கண்ணில் பட்டால் நீங்களே மனதில் திருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் டயாலிசிஸ் மையத்துப் பெரிய மிஸ்ஸி, அதாவது தலைமை நர்ஸ், என்னை மூன்று தடவை கேட்டுவிட்டார். "மணியம், புதுசா வர்ற டிரைவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் நீங்க ஏதாவது பேசணும்." நாலு பேர் முன்னால் எழுந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எழுதித் தர்றேன் மிஸ்ஸி" என்று சொல்லித் தப்பித்தேன். எழுதுவது அதைவிடப் பெரிய கஷ்டம் என்பது வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

கண்ணில் புரை வந்து வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அம்பாங்கான் கடைவீட்டில் இருக்கும் நம் மையத்துக்கும் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கும் இடையில் வாரம் மூன்று நாள் ஆள் ஏற்றி இறக்கியதுதான் என் வேலை. வண்டி ஓட்டுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லாம் என்னைவிட நன்றாக ஓட்டுவீர்கள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நீங்கள் ஒன்றைக் கவனிப்பீர்கள். வேனில் ஏறினால் எல்லாருக்கும் வாய் திறக்கும். மையத்துக் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் மூடிக்கொள்ளும்.

பெருமாள் அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதியில் வலது காலை முட்டிக்குக் கீழே இழந்தவர். முன்பு செம்பனைக் குலை வெட்டியவர், நல்ல கேலிக்காரர். வேனில் வரும் வழியெல்லாம், "ராத்திரி முழுக்க தொடை இழுத்துக்கிச்சு மணியம், உயிரே போயிருச்சு" என்று புலம்புவார். உள்ளே போனதும் மிஸ்ஸி, "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்று கேட்பார்.

"ஓகேலா மிஸ்ஸி. நல்லா இருக்கேன்."

நான் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். சிரிப்பு வரும். எனக்கும் சொல்லத் தோன்றாது. டிரைவருக்கு ஏன் அந்த வேலை என்று இருந்துவிடுவேன்.

இது நம் ஆட்களிடம் ஊறிப்போனது. என் அப்பா காலத்தில் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். "என்ன?" என்று அவர் கேட்டால், "ஒன்னுமில்லீங்க ஐயா" என்பதுதான் பதில். வலிக்கிறது என்று சொன்னால் வேலைக்குப் பயந்தவன் என்று பெயராகிவிடும். டிரஸ்ஸரும் போய்விட்டார், தோட்டத்து ஆஸ்பத்திரியும் போய்விட்டது. அந்த "ஒன்னுமில்லீங்க" மட்டும் போகவில்லை.

பயம் மட்டும் என்று சொன்னால் அது பொய். பிரியமும் உண்டு. நம் மிஸ்ஸிகள் நம்மவர்களின் கையைத் தடவிக் கொடுத்துத்தான் ஊசி குத்துகிறார்கள். அவர்களுக்குத் தீபாவளி முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்த கை, அவர்கள் இடத்தைப் பற்றிக் குறை எழுதுமா? எழுதாது.

இந்தப் பிரியத்தில்தான் நான் சறுக்கினேன்.

ஒரு நாள் ஆபீசில் என்னிடம் ஒரு கட்டுப் பாரம் கொடுத்தார்கள், கேள்வி போட்ட படிவங்கள். மலாயில் அச்சடித்தது. நோயாளிகளின் கருத்தைக் கேட்டு நிரப்பி வாங்கி வரச் சொன்னார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஐந்து முகம். அழுகிற முகத்தில் ஆரம்பித்துப் பல் தெரியச் சிரிக்கிற முகம் வரைக்கும். கடைசியில், "வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்" என்று போட்டு, எழுதுவதற்கு நான்கு கோடு.

டயாலிசிஸ் முடிந்து அன்று வேனில் ஏறியவர்கள் பதினொரு பேர். பாதிப் பேருக்குக் கையில் கட்டு. மீதிப் பேருக்குக் கண்ணாடி இல்லை. "நீங்களே போட்டுருங்க மணியம். நமக்கு என்ன குறை?" என்றார்கள். மையத்து வாசலில் வேனைக் கிளப்பும் முன், ஸ்டியரிங் மேல் வைத்துப் பதினொரு பாரத்துக்கும் நானே சிரிக்கிற முகத்தில் சரி போட்டேன். யார் மனதும் நோகாமல் ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி இருந்தது.

ஆறாவது கேள்வி ஒன்று இருந்தது. வேன் தோட்டத்துக்குள்ளே வராமல், பெரிய சாலை சிம்பாங்கிலேயே ஆளை ஏற்றி இறக்கினால் சம்மதமா என்று. சிம்பாங் என்றால் நம் சந்திதான், தோட்டத்துச் செம்மண் பாதை தார்ச்சாலையில் வந்து சேரும் இடம். வேன் ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் புகுந்து வருவதால் எல்லாருக்கும் நேரமாகிறது என்று ஆபீசுக்குக் கவலை. அதில் தப்பில்லை. அந்தக் கேள்வியை மட்டும் நான் சத்தமாகப் படித்துக் கேட்டேன்.

பெருமாள் அண்ணன்தான் முதலில் சொன்னார். "ஓகேலா. நம்மால எதுக்கு மத்தவங்களுக்குத் தொல்லை?"

அவர் வீட்டுக்கும் சிம்பாங்குக்கும் எவ்வளவு தூரம், அந்த மேடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாரம் மூன்று நாள் அதில் ஏறி இறங்குகிற வண்டி என்னுடையது. அவருக்கு ஒரு கால் இல்லை என்பதும் தெரியும். தெரிந்தே சரி போட்டேன். அந்த நான்கு கோட்டை அப்படியே விட்டேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் இல்லை. மலாயில் எழுத்துக் கூட்டி எழுதினால் ஆபீஸ் பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற கூச்சம்.

அடுத்த மாதம் புது ஏற்பாடு வந்தது. தோட்டத்துக்குள் வேன் போகக் கூடாது. எல்லாருக்கும் சிம்பாங்தான்.

முதல் நாள் சிம்பாங்கில் நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். பெருமாள் அண்ணனின் மனைவி சரோஜா அக்கா, செம்பனைக் குலை ஏற்றும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் கோணியும் தலையணையும் போட்டு, அண்ணனை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மையம் கொடுத்த சக்கர நாற்காலி வீட்டுச் சிமெண்டுத் தரையில்தான் ஓடும். செம்மண்ணில் முன்சக்கரம் புதைந்துவிடும்.

"மணியம், என்னை அப்படியே மில்லுக்கு ஏத்தி எடை போட்டுடாதே. எண்ணெய் ஒன்னும் வராது" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தோம். சரோஜா அக்கா மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை சிம்பாங்கில் ஆளைக் காணோம். ஹாரன் அடித்துப் பார்த்தேன். போன் போட்டால் அண்ணன், "லேசா காய்ச்சல்லா" என்றார். அடுத்த வாரம் இன்னொரு நாள் வரவில்லை. "வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்னு நினைக்கிறேன் மணியம். உடம்பு நல்லாத்தானே இருக்கு." அவர் குரலில் மூச்சு வாங்கியது. சிறுநீர் பிரியாத உடம்பில் ஒரு நாள் தண்ணீர் தங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனைவியின் முழங்காலுக்காக அவர் தன் உயிரில் கழித்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அந்த மழை நாள். டயாலிசிஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சிம்பாங்கில் அண்ணனை இறக்கித் தள்ளுவண்டியில் உட்கார வைத்தேன். முகம் வெளுத்திருந்தது, தலை நிற்கவில்லை. சரோஜா அக்கா பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தள்ள ஆரம்பித்தார். நான் வேனை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் வண்டி நின்றுவிட்டது. அக்கா குனிந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வேனைப் பின்னுக்கு எடுத்து இறங்கி ஓடினேன். கல்லில் ஏறி இறங்கிய குலுக்கலில், ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சு விலகி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. நான் பதறிப்போய் என் துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"எடுங்க தம்பி! அப்படி மொத்தமா அமுக்குனா நரம்பு அடைச்சிக்கும். அப்புறம் எங்க குத்துவாங்க?"

இரண்டு விரலைச் சரியாக அந்த இடத்தில் வைத்தார். மற்றக் கையின் ஒரு விரலை நரம்பின் மேலே வைத்துத் துடிப்பு பார்த்தார். "ஓடுது" என்றார்.

"யாருக்கா இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரு சொல்லிக் கொடுப்பா? எங்களைத்தான் உள்ள விடமாட்டீங்களே. ஒரு தடவை பஸ்ல வந்தப்போ, மிஸ்ஸி செய்யறதைக் கதவு இடுக்குல பார்த்தேன்."

(இந்த இடத்தில் ஒரு வரியை அடித்திருக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.)

பெரிய மிஸ்ஸிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர், "போனை அக்காகிட்ட கொடுங்க மணியம். கையை வச்சிருக்கிறவங்கதான் சொல்லணும்" என்றார். அக்கா தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பதில் சொன்னார். எவ்வளவு வழிகிறது, என்ன நிறம், பேசினால் பதில் சொல்கிறாரா, எல்லாம். ஒரு மிஸ்ஸி இன்னொரு மிஸ்ஸியிடம் பேசுவதுபோல் இருந்தது. மிஸ்ஸி சொன்னபடி, விரலை எடுக்காமல் அப்படியே காத்திருந்தார். ரத்தம் நின்றது.

இப்போது என்ன செய்வது? உள்ளே போகக் கூடாது என்பது உத்தரவு. வேனில் இன்னும் ஐந்து பேர், எல்லாரும் களைத்தவர்கள். முன் சீட்டில் இருந்த பாக்சிக், ரெம்பாவ் பக்கத்துக் கிராமத்து மலாய்ப் பெரியவர், கண்ணாடியை இறக்கி மலாயில் கத்தினார். "என்ன யோசிக்கிறே? அவரை ஏத்து. என் வீடு எங்கேயும் ஓடிப்போகாது."

ஏற்றினேன். உள்ளே போனேன்.

அண்ணனை வீட்டுக்குள் படுக்க வைத்த பிறகு, வாசலில் சரோஜா அக்கா என்னைக் கேட்டார். "தம்பி, இப்படி சிம்பாங்கோட நிறுத்துறதுக்கு யாரு முடிவு பண்ணா?"

"பாரம் கொடுத்தாங்கக்கா. எல்லாரும் சம்மதம்னு..."

"நான் எப்ப சம்மதம் சொன்னேன்? தள்ளுறது நான்தானே?"

உள்ளிருந்து அண்ணன் மெல்லிய குரலில், "நான்தான் சொன்னேன் சரோ" என்றார்.

"நீங்க சொல்வீங்க. நீங்க உக்காந்துக்கிட்டு வர்றவரு."

நான் தலையைக் குனிந்துகொண்டு வேனுக்குத் திரும்பினேன். அந்தச் சரியைப் போட்டது என் பேனா என்று அப்போது சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் பெரிய மிஸ்ஸியிடம் போய் நின்றேன். தோட்டத்துக்குள் போனதையும் சொன்னேன், பாரத்தையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் அலமாரியைத் திறந்து அந்தக் கட்டை எடுத்து மேசையில் பரப்பினார்.

"பதினொரு பாரமும் ஒரே பேனா, ஒரே கை. அன்னைக்கே எனக்குத் தெரியும் மணியம். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு பார்க்க எனக்கும் சுகமா இருந்துச்சு. அதான் கேக்கலை. தப்புல பாதி என்னோடது."

நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். "மிஸ்ஸி, நான் வேணும்னா நம்ம மையத்துக் கமிட்டியில அவங்களுக்காகப் பேசறேன்" என்றேன். என் வாழ்க்கையில் அதுவரைக்கும் சொல்லாத தைரியமான வார்த்தை அது.

"வேண்டாம்" என்றார். "நீங்க அவங்களைக் கூட்டிட்டு மட்டும் வாங்க."

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கமிட்டி கூடுகிற நேரத்தில் தோட்டத்துப் பெண்களுக்கு வண்டி கிடையாது. வேன் நோயாளிகளுக்கு மட்டும்தான். பெரிய மிஸ்ஸி அந்த விதியைத் தளர்த்திக் கூட்டத்தை டயாலிசிஸ் நாளிலேயே வைத்தார். ஆண்கள் நாலு மணி நேரம் மிஷினில் படுத்திருக்கட்டும், பெண்கள் பக்கத்து அறையில் பேசட்டும் என்றார். மூன்றாம் சீட்டில் நெருக்கி உட்கார வைத்து எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்தேன்.

கமிட்டித் தலைவர் நல்ல மனிதர். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் வைத்து, "எல்லாம் எப்படிப் போகுது? ஏதாவது பிரச்சினை இருந்தா சொல்லுங்க" என்றார்.

"ஒன்னும் இல்லீங்க ஐயா. ரொம்ப நல்லா கவனிக்கிறீங்க" என்றார் ஒரு அம்மா. இன்னொருவர் நன்றி சொன்னார். சரோஜா அக்கா தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடியப்போகிறது. அக்கா வாய் திறக்காவிட்டால் அந்தத் தள்ளுவண்டி மாறாது, அண்ணனும் வருவதை நிறுத்திவிடுவார். எழுந்தே விட்டேன்.

"ஐயா, நம்ம சரோஜா அக்காவுக்கு வந்து..."

"தம்பி, நீங்க உக்காருங்க" என்றார் அக்கா. "போன தடவை எங்களுக்காக நீங்க பாரம் போட்டது போதும்."

பெரிய மிஸ்ஸி அவருக்குச் சொல்லியிருக்கிறார். அறையே சிரித்தது. நான் உட்கார்ந்தேன், காதெல்லாம் சூடு. அந்தச் சிரிப்பில்தான் எல்லாருடைய இறுக்கமும் தளர்ந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

"ஐயா, காலையில பிரச்சினை இல்ல" என்று ஆரம்பித்தார் அக்கா. "என் கொழுந்தன் வேலைக்குப் போறப்போ கார்ல சிம்பாங் வரைக்கும் விட்டுருவாரு. நானும் இத்தனை நாளு அவரைத் தொல்லை பண்ணக் கூடாதுன்னு கேக்கலை. இப்ப கேட்டுட்டேன். வர்றப்பதான் கஷ்டம். அந்த நேரத்துல எங்க லயத்து வரிசை வீடுகள்ல கார் வச்சிருக்கிற ஒருத்தரும் வீட்ல இருக்க மாட்டாங்க. ரத்தம் சுத்தம் பண்ணி முடிச்சா எங்க வீட்டுக்காரருக்குத் தலை நிக்காது. அப்பதான் வாசல் வரைக்கும் வேன் வேணும். உங்க பாரத்துல போறதுக்கும் வர்றதுக்கும் சேர்த்து ஒரே கேள்வி. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தலைவர் பேனாவை எடுத்தார்.

அப்போது பாக்சிக்கின் மனைவி கையைத் தூக்கினார். முன்பு வேன் தோட்டத்துக்குள் போய்வந்தபோது தன் கணவருக்குச் சாப்பாட்டு நேரம் தவறிவிடும், சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும் என்றார். இத்தனை வருஷம் பாக்சிக் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார். ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. அன்று மழையில், "என் வீடு ஓடிப்போகாது" என்றவரும் அவர்தான்.

சரோஜா அக்கா அந்த அம்மா பக்கம் திரும்பி மலாயில் ஏதோ கேட்டார். இரண்டு பெண்களும் மேசையில் இருந்த பிஸ்கட்டை எடுத்து வரிசையாக வைத்தார்கள். இது உங்க வீடு, இது எங்க லயம், இது மையம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஐயா, அவங்களை முதல்ல இறக்கிடுங்க" என்றார் அக்கா. "எங்களைக் கடைசியா விடுங்க. வேன்ல சாஞ்சு உக்காந்திருந்தா அவருக்கு ஒன்னும் ஆகாது. தள்ளுவண்டியிலதான் தலை சுத்தும். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, வாசல்ல விட்டா போதும்."

அந்தப் பாதையில் வருஷக்கணக்காக வண்டி ஓட்டிய எனக்கு இது தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் வழியைப் பற்றி யோசித்தோம். அவர்கள் இருவரும் தங்கள் கணவன்மார் உடம்பைப் பற்றி யோசித்தார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து அப்படியே நடந்தது. பெருமாள் அண்ணன் அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. தள்ளுவண்டியை அக்கா கழுவி, மண் போட்டு அதில் புதினா வளர்க்கிறார். "என் கார்ல கீரை முளைச்சிருச்சு மணியம்" என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாரமும் மாறியது. நோயாளிக்கு ஒன்று, கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு ஒன்று. போவதற்குத் தனிக் கேள்வி, வருவதற்குத் தனிக் கேள்வி. எழுத முடியாதவர்களிடம் நான் கேட்டு எழுதுவேன். ஆனால் முகத்தை அவர்கள்தான் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். கடைசி நான்கு கோட்டில் அவர்கள் சொன்னதைத் தமிழிலேயே, சொன்ன மாதிரியே எழுதுவேன். "பிழை இருந்தா இருக்கட்டும் மணியம்" என்றார் பெரிய மிஸ்ஸி. "நீங்க அழகு பண்ணாம இருந்தா போதும்."

தம்பிமாரே, தங்கைமாரே, உங்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நம் ஆட்கள் "ஓகேலா" என்று சொன்னால் அதோடு பேனாவை எடுக்காதீர்கள். வீட்டில் தள்ளுகிறவர் யார், தூக்குகிறவர் யார் என்று பார்த்து அவரிடமும் ஒரு தடவை கேளுங்கள். அவர் பேச நேரமானால் காத்திருங்கள். அந்த இடைவெளியில் நீங்கள் பேசிவிடாதீர்கள். எனக்குக் கூச்ச சுபாவம் என்பதால் வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். அன்று அந்த அறையில் உட்கார்ந்தே இருந்ததுதான் என் வேலையிலேயே கஷ்டமான காரியம்.

அடித்த வரியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இதை எழுதி முடித்ததும் உங்களிடம் கொடுக்கும் முன் சரோஜா அக்கா வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவரைக் கேட்காமல் கொடுத்தால் நான் திருந்தவே இல்லை என்று அர்த்தம். அக்கா புதினா கிள்ளிக்கொண்டே கேட்டார். மழை நாள் வந்ததும் கை நின்றது.

"என்ன படிச்சீங்க? திரும்பப் படிங்க."

"சரோஜா அக்கா அழுதுகொண்டே விரலால் அழுத்தினார்..."

"நான் எங்க அழுதேன்? அது மழைத் தண்ணி. அழுதா கண்ணு தெரியுமா, நரம்பு தெரியுமா? அடிங்க அதை."

அண்ணன் உள்ளிருந்து, "நான்தான் அழுதேன், வேணும்னா அதை எழுதிக்க" என்றார்.

அங்கேயே, அவர்கள் வீட்டு வாசலில், அக்கா பார்த்துக்கொண்டிருக்க அந்த வரியை அடித்தேன். "இப்ப சரி" என்றார். பிறகு, "தேதி போடுங்க தம்பி" என்றார். போட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.